கடைசியாகக் கிடைத்த எண்

ஜூன் 3, திங்கள்

என் மனைவி ஷீபா வாங்கிக் கொடுத்த நோட்டு இது. கோபம் வந்தால் ஆளை அடிக்காமல் இதில் எழுத வேண்டுமாம். போன மாதம் பஸ் கண்டக்டர் சட்டையைப் பிடித்ததிலிருந்து டாக்டரும் அவளும் ஒரே கட்சி. வாரம் ஒருமுறை வாசித்துப் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறாள். அதனால் ஷீபா, உனக்கும் புரிகிற மாதிரியே எழுதுகிறேன்.

எங்கள் ப்ளான்ட்டில் அனல்மின் நிலையச் சாம்பலை வைத்து வீடு கட்டுகிற இலேசான கல் செய்கிறோம். வெந்தால்தான் அது கல், இல்லாவிட்டால் களி. வேகவைக்க மூன்று ஆட்டோகிளேவ் இருக்கின்றன. படுக்கப்போட்ட முப்பது மீட்டர் இரும்புக் குழாய்கள், நடுவில் ஆள் நின்றால் தலை தட்டாது. உள்ளே பன்னிரண்டு கிலோ பிரஷரில் நீராவி. அந்த பிரஷரை அளந்து கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்வதுதான் என் வேலை.

இன்று காலை கன்ட்ரோல் ரூமின் பழைய கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தது. பதினான்கு வருடம் சாம்பல் தூசியையும் தூத்துக்குடி உப்புக்காற்றையும் தின்று அது உயிரோடிருந்ததே பெரிய விஷயம். ப்ளான்ட் மேனேஜர் கோமதிநாயகம் ஹெல்மெட்டைக் கழற்றி என் மேல் எறிந்தார். தோளில் பட்டது. இருபது பேர் பார்த்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து எடுத்துக் கொடுத்தேன். இந்த நோட்டு வேலை செய்கிறது போல.

ஜூன் 6, வியாழன்

எதை வாங்குவது என்று முடிவெடுக்க வேண்டிய நாள். ஆட்டோகிளேவில் இருக்கிற கருவிகள் பழசு. இரண்டு கம்பியில் ஒரு கேள்வி போனால் ஒரு பதில் வரும். கம்பெனி முழுக்கப் புது நெட்வொர்க் போட்டாயிற்று. இந்தப் பழசையும் அந்தப் புதுசையும் சேர்க்க இரண்டு வழி.

ஒன்று, சீரியல் டிவைஸ் சர்வர். அது தபால்காரர் மாதிரி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது, கொண்டுபோய்க் கொடுத்துவிடும். அந்தப் பக்கம் ஆள் இல்லையென்றால் இந்தப் பக்கமும் சத்தம் இருக்காது. திரையில் எண்ணுக்குப் பதில் கோடு கோடாக வரும், அலாரம் அடிக்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு திரைதான் ஒழுங்காகக் கேட்க முடியும்.

இரண்டாவது, கேட்வே. அது நடுவில் உட்கார்ந்துகொண்டு, தானே கருவியைக் கேட்டு, பதிலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். எத்தனை திரை கேட்டாலும் தன் ஞாபகத்திலிருந்தே சொல்லும். கோமதிநாயகத்துக்குத் தன் கேபினில் ஒரு திரை வேண்டும், சென்னை ஆபீசுக்கு ஒன்று வேண்டும். கேட்வே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆட்டோகிளேவ் ஆபரேட்டர் பேச்சிராஜா மட்டும் ஒரு கேள்வி கேட்டான். கம்பி அறுந்தால் அந்தப் பெட்டிக்குத் தெரியுமா என்றான். தெரியும், உன்னைவிட அதற்கு அறிவு ஜாஸ்தி என்றேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு எப்போதும் அப்படி ஒரு மூஞ்சி.

ஜூன் 14, வெள்ளி

மாட்டியாயிற்று. மூன்று திரையிலும் எண்கள் ஓடுகின்றன. கதவுப் பூட்டையும் கேட்வேயோடு சேர்த்துவிட்டேன். உள்ளே பிரஷர் சைபர் என்று கேட்வே சொன்னால்தான் கதவுப் பூட்டு விடும். கோமதிநாயகம் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 17, திங்கள்

கல் ஏற்றி இறக்குகிற டிராலியின் மோட்டார் ஓடும்போதெல்லாம் லைனில் இரைச்சல். ஒரு நொடி பதில் வராது, உடனே திரையில் கோடு, உடனே அலாரம். காலை பத்து மணிக்குள் முப்பத்தொரு தடவை அடித்தது. கோமதிநாயகம் கேபினுக்குக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். சென்னைக்காரர்கள் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து பாத்ரூம் கதவை உதைத்தேன். தாழ்ப்பாள் பிய்ந்து வந்துவிட்டது.

லைனுக்குச் சரியான எர்த் போட வேண்டும், கம்பியை மோட்டார் கேபிளிலிருந்து தள்ளி இழுக்க வேண்டும். இரண்டு நாள் ப்ளான்ட்டை நிறுத்தாமல் அது முடியாது. நிறுத்துவார்களா?

கேட்வே செட்டிங்கில் ஒரு இடம் இருக்கிறது. பதில் வராவிட்டால் என்ன செய்ய என்று கேட்கும். ‘பிழை காட்டு’ என்றிருந்தது. ‘கடைசியாகக் கிடைத்த எண்ணை வைத்துக்கொள்’ என்பதில் டிக் அடித்தேன். எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்டது. காலியாக விட்டேன். 11.40-க்கு அலாரம் நின்றது. ஒரு நொடி, இரண்டு நொடி பழைய எண் தெரிவதால் யார் குடி முழுகப்போகிறது? யாரிடமும் சொல்லவில்லை. எர்த் வேலையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 20, வியாழன்

அலாரம் இல்லை. நிம்மதி.

ஜூன் 24, திங்கள்

இன்று எழுதவேண்டிய விஷயத்தை எழுதினால் ஷீபா ஒரு வாரம் பேசமாட்டாள். இருந்தாலும் எழுதுகிறேன்.

பேச்சிராஜாவுக்கு ஒரு பழக்கம். ஆட்டோகிளேவ் கதவுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு சின்னக் குழாய் உண்டு, டெஸ்ட் காக். திரையில் சைபர் வந்த பிறகும் அவன் அதைத் திறந்துவிட்டு, தோள் துண்டை எடுத்து அதன் முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பான். முதலில் சுடுதண்ணீர் சொட்டும். அது நின்ற பிறகும் துண்டு அசைகிறதா என்று பார்ப்பான். அசைந்தால் கதவைத் தொடமாட்டான். ஒவ்வொரு தடவைக்கும் பன்னிரண்டு நிமிஷம் போகிறது. கோமதிநாயகம் கேபின் திரையில் அந்தத் தாமதத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்கிறார், உன் சிஸ்டத்தை உன் ஆளே நம்பவில்லையா என்று.

மதியம் கேண்டீன் வாசலில் வைத்து இனிமேல் துண்டைத் தூக்கினால் மெமோ கொடுப்பேன் என்று பேச்சிராஜாவிடம் சொன்னேன். அவன் சொன்னான்: “உங்க பெட்டி ஏசி ரூம்ல இருக்கு சார். கதவுக்கு முன்னால நிக்கது நானு.” எல்லோர் முன்னாலும் சொன்னான். நான் சாப்பாட்டுத் தட்டாலேயே அவன் முகத்தில் அடித்தேன். சாம்பார் கண்ணில் போய் அவன் தள்ளாடினான், விழவில்லை. நிமிர்ந்து வந்து விட்டான் ஒரு குத்து. என் கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது. சட்டையெல்லாம் ரத்தம். டிராலி ஓட்டுகிற சந்தனம்தான் நடுவில் விழுந்து இரண்டு பேரையும் பிரித்தான். பாவம், அவனுக்கும் இரண்டு விழுந்தது.

யார் முதலில் அடித்தது என்று கோமதிநாயகம் கேட்டார். பேச்சிராஜா என்று எழுதிக் கொடுத்தேன். அவனுக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன்.

ஜூன் 25, செவ்வாய்

டெஸ்ட் காக் மூன்றுக்கும் கைப்பிடியை நானே ஸ்பேனர் போட்டுக் கழற்றினேன். என் மேஜை டிராயரில் இருக்கின்றன.

ஜூன் 28, வெள்ளி

பேச்சிராஜா வேலைக்கு வந்துவிட்டான். “வணக்கம் சார்” என்றான். நானும் சொன்னேன். கைப்பிடி இல்லாத டெஸ்ட் காக்கின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வேலைக்குப் போனான்.

ஜூலை 9, செவ்வாய்

மூன்றாம் நம்பர் கதவு வெடித்துவிட்டது. மதியம் 12.52.

12.05-க்கே வேக்காடு முடிந்து நீராவியை வெளியே விட்டு, பிரஷர் சைபருக்கு வந்திருக்கிறது. டிராலி வேறு இடத்தில் மாட்டிக்கொண்டதால் கதவைத் திறக்காமல் காத்திருந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் இரண்டாம் நம்பரிலிருந்து நீராவி வருகிற குழாயின் வால்வு சரியாக மூடாமல் உள்ளே நீராவி கசிந்திருக்கிறது. இரண்டாம் நம்பரில் குறைந்ததைக் கணக்குப் போட்டால், மூன்றாம் நம்பருக்குள் இரண்டு கிலோ இருந்திருக்கும். பார்க்கச் சின்ன எண். அந்தக் கதவின் அகலத்துக்கு அது அறுபத்திரண்டு டன். கதவில் இருக்கிற முள் மீட்டர் இருபத்தைந்து கிலோவுக்கானது, கண்ணாடியும் மங்கிவிட்டது. இரண்டு கிலோவுக்கு அதன் முள் அசைந்ததே தெரியாது.

12.50-க்குப் பேச்சிராஜா வாக்கி டாக்கியில் ஏதோ கேட்டான். பதில் சொன்னேன்.

சத்தம் கேட்டு ஓடினேன். கதவு கீலோடு பிய்ந்து டிராலியை இருபதடி தள்ளிச் சுவரோடு வைத்து நசுக்கியிருந்தது. டிராலியில் சந்தனம் இருந்தான். அவன் செருப்பைத்தான் முதலில் பார்த்தேன், பிறகு பார்க்கக்கூடாததைப் பார்த்தேன். எங்கும் வெந்த சுண்ணாம்பு நாற்றம். பேச்சிராஜா பக்கவாட்டில் நின்றதால் பிழைத்துக்கொண்டான். முகமும் நெஞ்சும் வெந்துவிட்டன. இரண்டு பேர் தூக்கும்போது தோல் அவர்கள் கையோடு வந்தது. அவன் கத்தவில்லை. “சைபர், சைபர்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நம்பர் கம்பி ஒரு நீராவிக் கசிவில் கருகிக் கிடந்தது.

சாயங்காலம் போலீஸ் வருவதற்கு முன்னால் கேட்வேயில் ஒரு சின்ன வேலை பாக்கி இருந்தது. முடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 10, புதன்

சந்தனத்தை எரித்தார்கள். போகவில்லை.

ஜூலை 12, வெள்ளி

தொழிற்சாலை ஆய்வாளர் வந்திருந்தார். ஐம்பது வயதுப் பெண், அதிகம் பேசவில்லை. இரண்டாம் நம்பர் கம்பியைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன். திரையில் கோடு வந்தது, அலாரம் அடித்தது, கதவுப் பூட்டு விடவில்லை. மூன்று தடவை செய்யச் சொன்னார். மூன்று தடவையும் அப்படியே. அப்படியானால் கதவு எப்படித் திறந்தது என்று கேட்டார்.

கோமதிநாயகம் பைபாஸ் சாவி என்றார். அவசரத்துக்குப் பூட்டைத் தாண்டித் திறக்கிற சாவி அது. எப்போதும் ஆபரேட்டர் சட்டைப் பையில்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில் கத்தரித்து எடுத்த பேச்சிராஜாவின் சட்டையிலும் இருந்தது. அவன் முரடன், போன மாதம் எஞ்சினியரையே அடித்தவன் என்று என் கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் எடுத்துக் காட்டினார். அம்மையார் என்னைப் பார்த்து, திரை சரியாகத்தானே வேலை செய்தது என்றார்.

ஆமாம் என்றேன்.

சந்தனத்தைக் கொன்றதாகப் பேச்சிராஜா மேல் கேஸ். வார்டு வாசலில் ஒரு போலீஸ்காரரை உட்கார வைத்திருக்கிறார்கள். கண்கட்டோடு கிடக்கிறவன் எங்கே ஓடிவிடப் போகிறான்?

ஜூலை 15, திங்கள்

போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று கோமதிநாயகம் சொன்னதால் பேச்சிராஜாவைப் பார்க்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். அவனுக்கு எதையும் கடிக்கவோ மெல்லவோ முடியவில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

பேச்சிராஜாவின் மனைவி மாரிக்கனி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். தெருவில் யாரும் அவளோடு பேசுவதில்லையாம். சந்தனம் வீடு அடுத்த தெருதான். காலையில் குழாயடியில் அவள் குடத்தை மிதித்து நெளித்துவிட்டார்களாம். ஊர்ச்சண்டையைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். என் சத்தம் கேட்டதும் பேச்சிராஜா கையை நீட்டித் துழாவினான். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“சைபர் பாத்துட்டுதான் சார் தொறந்தேன். சாவியத் தொடவே இல்ல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார்.”

டாக்டர் வரட்டும் என்று என்னவோ உளறினேன். அப்போதுதான் சந்தனத்தின் தம்பி கொம்பையா உள்ளே வந்தான். போலீஸ்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடுங்கி பேச்சிராஜாவை அடித்தான். புண்ணான நெஞ்சின் மேலேயே அடித்தான். மாரிக்கனி குறுக்கே விழுந்தாள், அவள் முழங்கையில் எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கண்கட்டு போட்டவனுக்கு யார் அடிக்கிறார்கள், எங்கிருந்து அடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். கட்டிலிலிருந்து விழுந்து, என் காலைப் பிடித்துக்கொண்டு, “சார், சார்” என்று கூப்பிட்டான்.

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். சாப்பாட்டுத் தட்டால் ஆளை அடிக்கத் தெரிந்த எனக்கு ஒரு ஸ்டாண்டைப் பிடிக்கக் கை வரவில்லை. வார்டு ஆட்கள் வந்துதான் பிடித்தார்கள். இழுத்துக்கொண்டு போகும்போது கொம்பையா அழுதுகொண்டே சொன்னான்: “எங்கண்ணன் மூஞ்சிய எங்கம்ம பாக்கலல. மூடிக் கட்டித்தாம்ல குடுத்தானுவ.”

ஜூலை 16, செவ்வாய்

ஷீபா இதை முழுக்க வாசித்துவிட்டாள். சமையலறையில் நின்றபடியே ஒன்றே ஒன்று கேட்டாள். “வாக்கி டாக்கில அவர் என்ன கேட்டாரு, நீங்க என்ன பதில் சொன்னீங்க?” டிபன் இருந்த பீங்கான் தட்டைச் சுவரில் எறிந்தேன். அவள் துண்டுகளைப் பெருக்கி அள்ளிவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 17, புதன்

வாக்கி டாக்கியில் பேச்சிராஜா கேட்டது இது. “சார், கைப்பிடி குடுத்து விடுங்க. காக் ஒருமட்டம் பாத்துக்கிடுதேன். மனசுக்கு சரியாப் படல.”

“திரைல என்னல இருக்கு?”

“சைபர்தான் சார் இருக்கு.”

“அப்பொ தொறல.”

ஆய்வாளர் அம்மையாரின் ஆபீசில் இதை அப்படியே சொன்னேன். கோமதிநாயகத்துக்கு எப்படியோ தெரிந்து, அந்த ஆபீஸ் படிக்கட்டிலேயே வந்து என்னை மறித்திருந்தார். நீ உள்ளே போவாய், ப்ளான்ட்டை மூடுவார்கள், முந்நூறு குடும்பம் நடுத்தெருவுக்கு வரும் என்றார். காலரைப் பிடித்துச் சுவரில் இடித்ததில் பின்மண்டை வீங்கியிருக்கிறது. கன்னத்தில் ஒன்று விட்டார். திருப்பி அடிக்கவில்லை. அடிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

அம்மையார் ஆதாரம் கேட்டார். ப்ளான்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்வேயைத் திறந்து காட்டினேன். எந்தச் செட்டிங்கை எப்போது மாற்றினாலும் அது தனக்குள் நேரத்தோடு குறித்து வைக்கும், அதை அழிக்க வழி இல்லை. ஜூன் 17, 11.40, டிக் போட்டது. ஜூலை 9, மாலை 4.25, டிக் எடுத்தது. இரண்டும் என் பெயரில். பிறகு அந்த டிக்கை மறுபடியும் போட்டுவிட்டு இரண்டாம் நம்பர் கம்பியைப் பிடுங்கினேன். திரையில் எண் அசையவில்லை, மூன்றாம் நம்பரில் கம்பி கருகின பிறகு சைபர் அப்படியே நின்ற மாதிரி. கோடு இல்லை, அலாரம் இல்லை. அம்மையார் ஐந்து நிமிஷம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடுங்கின கம்பி என் கையில் இருந்தது.

டிவைஸ் சர்வர் வாங்கியிருந்தால் இது நடந்திருக்காதா என்று கேட்டார். அதற்கு ஞாபகம் கிடையாது, அதனால் பொய் சொல்லத் தெரியாது என்றேன். ஆனால் கேட்வேயும் தானாகச் சொல்லவில்லை. நான் சொல்லச் சொன்னேன். வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்து வாங்கினார். கைது வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இருக்குமாம். ஊரை விட்டுப் போகக்கூடாது.

ஜூலை 18, வியாழன்

வாக்குமூலத்தின் நகலை எடுத்துக்கொண்டு பேச்சிராஜாவிடம் போனேன். மாரிக்கனி கையில் மாவுக்கட்டு. இந்தத் தடவை ஸ்டூலைத் துடைத்துப் போடவில்லை. நின்றுகொண்டே வாசித்தேன். டிக் போட்டது, கைப்பிடியைக் கழற்றியது, தட்டால் முதலில் அடித்தது, வாக்கி டாக்கியில் சொன்னது, டிக்கை எடுத்தது எல்லாம் அதில் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

முடித்ததும் மாரிக்கனி நல்ல கையால் என் முகத்தில் அறைந்தாள். ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்துவிட்டது. எச்சிலோடு கையில் வாங்கிக்கொண்டேன்.

பேச்சிராஜா என் பக்கமாகத் தலையைத் திருப்பினான். ஒரு கண் வரும், ஒன்று வராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிறகு மெதுவாகச் சொன்னான். “எனக்கு எதுக்குல வாசிக்க. நான் பாத்தது சைபருன்னு எனக்குத் தெரியும்லா. சந்தனத்தோட அம்மைட்டப் போய் வாசி.”

‘சார்’ என்று கூப்பிடவில்லை. பத்து வருடத்தில் முதல் தடவை.

ஜூலை 19, வெள்ளி

காலையில் ஷீபாவுக்குப் போன் செய்து எங்கே போகிறேன் என்று சொன்னேன். கூட வரட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். ஹெல்மெட் போட்டுக்கொண்டு போங்கள் என்றாள். கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை. போடாமல் போனேன்.

சந்தனம் வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். கொம்பையா ஜாமீனில் வந்திருந்தான். ஆஸ்பத்திரியில் பார்த்த ஆள் என்று அடையாளம் கண்டுகொண்டு எழுந்து வந்தான். அம்மாவிடம் ஒன்று வாசித்துக் காட்ட வேண்டும் என்றேன். உள்ளே கூட்டிக்கொண்டு போனான். அவன் அம்மா பாயில் உட்கார்ந்திருந்தார். என் பெயரையும் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதையும் சொன்னேன். பேச்சிராஜா மேல் தப்பு இல்லை என்று முதலில் சொல்லிவிட்டுக் காகிதத்தைப் பிரித்தேன்.

மூன்று பக்கம். சத்தமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். வாசித்து முடிக்கும்வரை யாரும் என்னை அடிக்கவில்லை.